கூலி கொடுத்தோம், நேரம் கொடுத்தோமா?

"அதுதான் வேலைக்குப் போய்விட்டானே, இனி இவனுக்குப் படிப்பு எதற்கு?"

நம் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. இதைச் சொல்பவர் கொடியவரல்லர். பிள்ளையின்மீது அன்பு கொண்ட அத்தாவாக இருப்பார். வீட்டு அடுப்பின் நிலையறிந்த அம்மாவாக இருப்பார். சில வேளைகளில் ஜமாஅத்தின் மதிப்பிற்குரிய பெரியவராகவும் இருப்பார். ஆயினும் வறுமை அடைத்த கதவுகளின் பக்கத்திலேயே இந்த ஒரு வாசகம் அடைத்த கதவுகளும் நம் சமுதாயத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று எண்ணுகின்றோம்.

அண்மையில் ஒரு நிக்காஹுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றிருந்தோம். மறுநாட் காலை வத்திராயிருப்பிலுள்ள உறவினர் ஒருவரைக் காணப் புறப்பட்டபோது கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாற நேர்ந்தது. மதுரையிலிருந்து செங்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புச் சாலை பிரியுமிடத்தில் அமைந்த ஊர் அது. மேற்கே மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. 1984ஆம் ஆண்டு கல்விவள்ளல் கலசலிங்கம் அவர்கள் அங்கே ஒரு பொறியியற் கல்லூரியை நிறுவினார்கள். அது 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. காலை வேளையில் நாலாபுறமிருந்தும் கல்லூரிப் பேருந்துகள் வந்தவண்ணம் இருந்தன. தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இளைஞர்கள் இறங்கினார்கள். கண்கொள்ளாக் காட்சிதான்.

அப்போது இராஜபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஓர் இளைஞர் இறங்கினார். வயது இருபத்து நான்கிருக்கும். கையில் டிபன் கேரியர். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள். நம்மைக் கண்டதும் முகம் மலர்ந்து ஸலாம் கூறினார். சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவர்.

"மில்லில் முழு நைட்டு முடித்து வருகிறேன், ஹஸ்ரத்" என்றார்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றவர் என்பது நமக்கு நினைவிருந்தது. அத்தாவின் உடல்நலம் குன்றியதால் படிப்பை நிறுத்திவிட்டு நூற்பாலைக்குச் சென்றிருக்கின்றார். ஆண்டுகள் ஆறு கழிந்துவிட்டன. எதிரே இறங்கிக்கொண்டிருந்த மாணவர்களைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வேலையை விடாமல் ஒரு டிகிரி படிக்கலாம் என்று ஆசை. வீட்டில் வேண்டாமென்கிறார்கள். இந்த வயதில் ஆரம்பித்தால் சிரிப்பார்களா, ஹஸ்ரத்?"

அந்தக் கேள்வி நம்மை உலுக்கியது. காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த வேறோர் இளைஞர் இதே கேள்வியை நம்மிடம் கேட்டார். ஜவுளிக் கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்தவர். "இரண்டு தோணியில் கால் வைக்காதே, தம்பி. கிடைத்த வேலையை ஒழுங்காகப் பார்" என்று நாம் உபதேசித்தோம். அறிவுரை கூறிவிட்ட நிறைவோடு அன்றிரவு உறங்கினோம். அவர் நம் சொல்லை வேதவாக்காகக் கொண்டார். இன்று நாற்பதைக் கடந்துவிட்ட அவர் இன்னும் அதே கல்லாப் பெட்டியின் முன் துணி மடித்துக்கொண்டிருக்கின்றார். அவருடன் வேலை செய்து, அஞ்சல் வழியில் படித்த ஒருவர் இன்று அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். முன்னவரின் அறிவு குறைந்ததன்று. நம் உபதேசந்தான் பிழைபட்டது. ஆதலின் பிறரைக் கண்டிப்பதற்காக மட்டும் இதனை எழுதவில்லை. கூண்டில் நாமும் நிற்கின்றோம்.

உழைப்பும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எங்கே கற்றோம்? நாம் ஓதிய கிதாபுகளில் அவ்வாறு இல்லையே! ஸஹீஹுல் புகாரியின் கல்வி பற்றிய பாடத்தில், முறை வைத்துக் கல்வி கற்பது குறித்தே ஒரு தலைப்பு உண்டு. மதீனாவின் மேட்டுப் பகுதியில் வாழ்ந்த உமர் (ரலி) அவர்களும் அவர்களின் அன்ஸாரித் தோழர் ஒருவரும் செய்துகொண்ட ஏற்பாடு அங்கே கூறப்படுகிறது. ஒரு நாள் ஒருவர் நாயகத்தின் (ஸல்) சபைக்குச் செல்வார். மற்றவர் தம் அலுவலைக் கவனிப்பார். மறுநாள் முறை மாறும். சென்று வந்தவர் தாம் கேட்டதனைத்தையும் மற்றவருக்கு எடுத்துரைப்பார். இராஜபாளையத்து மில் தொழிலாளி இதைக் கேட்டால், "இது ஷிப்ட் முறையல்லவா?" என்பார். ஆம், ஷிப்ட் முறைதான்! பிழைப்பையும் விடவில்லை, கல்வியையும் விடவில்லை. பிற்காலத்தில் ஒரு பேரரசையே ஆண்ட பெருமகனார் கல்வி கற்ற முறை இது.

அரபு இலக்கணம் கற்ற எவரும் அஸ்ஸஜ்ஜாஜ் என்ற பெயரை அறிவர். ஹிஜ்ரி 311இல் மறைந்த பேரறிஞர். அப்பெயருக்குக் கண்ணாடித் தொழிலாளி என்று பொருள். பக்தாதில் கண்ணாடி கடைந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை திர்ஹம் ஈட்டியவர் அவர். இலக்கணத்தின்மீது வேட்கை பிறந்தபோது அல்முபர்ரத் என்ற ஆசிரியரை நாடினார். அந்த ஆசிரியரோ ஊதியமின்றிக் கற்பிப்பவரல்லர். தம் வருவாயில் நாள்தோறும் ஒரு திர்ஹத்தை, மரணம் தங்களைப் பிரிக்கும்வரை ஆசிரியருக்குத் தருவதாக வாக்களித்தார் அந்தத் தொழிலாளி. எஞ்சிய அரைத் திர்ஹத்தில் வயிற்றைக் கழுவினார். பின்னாளில் அமைச்சரின் மகனுக்கே ஆசிரியரானார். அவருடைய வீட்டார், "கூலிக்காரனுக்கு இலக்கணம் எதற்கு?" என்று தடுத்திருந்தால் அரபு மொழி ஓர் அறிஞரை இழந்திருக்கும்.

"அதெல்லாம் இளம் வயதில்" என்பீர்களா? மர்வு நகரத்து அல்கஃப்பால் (ரஹ்) பூட்டுச் செய்பவர். கஃப்பால் என்பதன் பொருளும் அதுதான். சின்னஞ்சிறு பூட்டொன்றைச் சாவியோடு செய்து காட்டும் அளவுக்குத் தொழிலில் கைதேர்ந்தவர். அவர் சட்டக் கலையைக் கற்கத் தொடங்கியபோது வயது முப்பது. நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், குராஸான் நாட்டு அறிஞர்களின் தலைவராக உயர்ந்து ஹிஜ்ரி 417இல் மறைந்தார். கிருஷ்ணன்கோவிலில் நாம் கண்ட இளைஞருக்கு அந்த முப்பதை எட்டவே இன்னும் ஆறாண்டுகள் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் ஏன்? அந்த இளைஞர் வாழும் விருதுநகர் மாவட்டத்திற்கு வருவோம். சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமனின் துணிக்கடையில் வேலை செய்தவர் காமராசர். பின்னாளில் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978இல் அவர் பெயரைப் பெற்றது. அந்தப் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கிய ஆண்டும் அதுவே. லண்டன் நகரிலோ, கைவினைஞர்கள் வேலை முடிந்து வந்து கற்பதற்காக 1823லேயே டாக்டர் பிர்க்பெக் ஒரு நிறுவனத்தை அமைத்தார். அது இன்றும் பல்கலைக்கழகக் கல்லூரியாக விளங்குகிறது. உழைப்பவனும் கற்க வேண்டும் என்று உலகம் முடிவு செய்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. நாம் இன்னும் "எதற்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கின்றோம்.

"பட்டதாரிகளே வேலையின்றித் திரிகின்றார்களே!" என்பது அடுத்த வாதம். வேலையின்றித் திரிபவரைப் பற்றியா நாம் பேசுகின்றோம்? இவர் வேலையில் இருப்பவர். இவருக்குப் பட்டம் வேண்டுவது இருக்கும் இடத்திலிருந்து ஒருபடி ஏறுவதற்கு. தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருக்கின்றது. அதைப் பெற்றதற்காக மேடைதோறும் மகிழ்ந்தோம். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளை எழுதப் பட்டம் வேண்டுமே! பட்டத்தின் வாசலிலேயே பிள்ளையைத் தடுத்து நிறுத்திவிட்டு, ஒதுக்கிய இடத்தில் யாரை அமர்த்தப் போகின்றோம்?

"தபாலில் வந்த பட்டம் பட்டமாகுமா?" என்று ஏளனம் செய்வோரும் உளர். பல்கலைக்கழக மானியக் குழு விடையளித்திருக்கின்றது. ஏற்பிசைவு பெற்ற தொலைநிலைக் கல்வி நிறுவனங்களின் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டங்களுக்கு நிகரானவை என்று 2022இல் அது அறிவித்தது. ஆகவே ஏளனத்தை விடுத்து எச்சரிக்கையைச் சொல்லிக் கொடுப்போம். எந்தப் படிப்பாயினும் அந்த நிறுவனத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் அந்த ஆண்டுக்கும் மானியக் குழுவின் ஏற்பிசைவு உண்டா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை தவறக் கூடாது. அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாதென்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிளஸ் டூ இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக முதலில் அதை முடிக்கலாம். பொறியியலைத் தொலைநிலையில் படிக்கவே கூடாது. அவ்வாறு சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றி நடத்திய படிப்புகளை 2017இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. எத்தனையோ பேரின் பட்டங்கள் கேள்விக்குள்ளாயின. பொறியியல் வேண்டுவோர்க்கு வேறு வழியுண்டு. பாலிடெக்னிக் பட்டயம் பெற்று வேலையிலிருப்பவர்கள் மாலை வகுப்பில் பகுதிநேரப் பி.இ. படித்துப் பொறியாளரான வரலாறு கோவை போன்ற நகரங்களில் உண்டு. பணிபுரிவோருக்கென்றே கல்லூரிகள் தனி வகுப்பு நடத்த, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023இல் வழி திறந்தது. இந்தச் செய்திகளை எல்லாம் நம் வீடுகளில் பேசியிருக்கின்றோமா?

இனித்தான் விஷயத்தின் உயிர்நிலைக்கு வருகின்றோம். உழைக்கும் பிள்ளைக்குக் குறைவது அறிவா? இல்லை. பணமா? ஓரளவுக்கு. உண்மையில் குறைவது நேரம். அந்த நேரம் அவன் கையில் இல்லை. நம் கையில் இருக்கின்றது. கணக்குப் பார்ப்போம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணியாக வேலைக்கு 48. உறக்கத்துக்கு 56. ஆறு நாள் போக்குவரத்துக்கு 12. உணவு, குளியல், தொழுகை முதலியவற்றுக்கு நாளுக்கு மூன்று மணியாக 21. எஞ்சுவது 31 மணி நேரம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல் இயங்குகின்றது. அங்கே ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. மூன்றாண்டுப் பட்டம் 120 கிரெடிட் என்று கொண்டால் 3600 மணி நேரம். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நீட்டிப் படிக்க அங்கே இடமுண்டு. ஆறாண்டில் முடிப்பதாயின் வாரத்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் போதும். அதாவது, எட்டு மணி நேரம் மட்டும் வேலை வாங்கப்படும் பிள்ளை, வீட்டுக்கும் உறவுக்கும் உரிய நேரத்தைக் கொடுத்த பின்னும் தாராளமாகப் பட்டதாரியாகலாம்.

இப்போது நம் கடைகளின் கணக்கைப் பார்ப்போம். காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைக்கும் கடையில் நிற்கும் பிள்ளைக்கு நாளுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை. ஆறு நாளைக்கு 78. மற்றக் கணக்கெல்லாம் முன்போலவே வைத்துக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு? ஒரே ஒரு மணி நேரம்! வாரம் முழுமைக்கும் ஒரு மணி நேரம்! அதில் அவன் பாடம் படிப்பானா, தாயின் முகம் பார்ப்பானா?

கடைப் பணியாளரை நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவுக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கலாகாது என்று 1947லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. நின்றுகொண்டே வேலை செய்வோர் அமர இருக்கை தர வேண்டுமென்று 2021இல் தமிழ்நாடு அரசு அச்சட்டத்தைத் திருத்தியது. தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த மாதமே கைவிடப்பட்டது. தொழிலாளியின் மணிக்கணக்கு எத்துணை அருமையானது என்பதை நாடே உணர்ந்த தருணம் அது. ஆனால் நம்மவர் நடத்தும் எத்தனை கடைகளில் அந்த எட்டு மணி நேரம் மதிக்கப்படுகின்றது? ரமழானில் கைநிறையத் தர்மம் செய்யும் முதலாளி, தம் கடைப் பையனுக்கு ஆண்டில் பத்து நாள் தேர்வு விடுமுறை தர மறுக்கின்றார். அவருடைய தர்மத்தை நாம் குறை கூறவில்லை. அவரிடமிருந்து அந்தப் பையனுக்கு வர வேண்டிய கடன் ஒன்று நிலுவையில் நிற்கின்றது என்று மட்டும் நினைவூட்டுகின்றோம்.

முதலாளிமார் பின்பற்ற ஒரு முதலாளி இருக்கின்றார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பட்டு கலந்த உயர்தரத் துணி விற்ற வணிகர். அவர்களிடம் பாடம் கேட்க வந்த அபூயூஸுஃப் ஏழை வீட்டுப் பிள்ளை. 'பாடத்தை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்' என்று வீட்டார் அவரைத் திரும்ப அழைத்தனர். இமாமவர்கள் தம் வணிகத்தில் ஈட்டிய பணத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். தீர்ந்தபோது அவர் கேளாமலே மீண்டும் கொடுத்தார்கள். அந்த ஏழைப் பிள்ளைதான் பின்னர் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். இமாமவர்களின் மத்ஹபைப் பின்பற்றுகின்றோம் என்று பெருமை கொள்ளும் நம் கடைவீதிப் பெருமக்கள், அவர்களின் கல்லாப் பெட்டியையும் பின்பற்ற வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல.

முதலாளிகளே! படிக்கும் பணியாளரை எட்டு மணி நேரத்தோடு விடுவியுங்கள். ஆலையாயின் ஒரே ஷிப்டில் நிறுத்துங்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டு என்று மாறிக்கொண்டே இருந்தால் உறங்கும் வேளையையே அவரால் நிலைப்படுத்த முடியாது. வகுப்புக்கு எங்ஙனம் செல்வார்? ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு வரும்போது விடுமுறை கொடுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! முழுநேரக் கல்லூரி மாணவருக்கு மட்டுமே உதவித் தொகை என்ற விதி உங்கள் ஏட்டில் இருந்தால் இந்த மாதமே அதைத் திருத்துங்கள். உழைத்துக்கொண்டு படிப்பவர் உங்களிடம் கேட்கக் கூசுவார். நீங்களே அழைத்துக் கொடுங்கள். இன்னொன்று: தொழுமிடத்துக்குப் 'பள்ளி'வாசல் என்று பெயரிட்ட தமிழர் நாம். இஷாவுக்குப் பின் விளக்கணைத்துப் பூட்டிவிடுகின்றோம். பள்ளியை அடுத்த ஓர் அறையில் இரண்டு மேசையும் ஒரு விளக்கும் வைத்து இரவு பதினொரு மணிவரை திறந்து வையுங்கள். ஒண்டிக் குடித்தன வீட்டில் படிக்க இடமற்ற பிள்ளைக்கு அதுவே கல்லூரியாகும்.

பெற்றோர்களே! சம்பளம் கொண்டுவரும் மகன் ஏ.டி.எம். இயந்திரமல்லன். சம்பாதிக்கத் தொடங்கிய மறு ஆண்டே அவன் பெயரில் கடன் வாங்கி, வீடு கட்டி, கல்யாணம் பேசி, அவன் தலையில் பத்தாண்டுத் தவணையை ஏற்றாதீர்கள். மகளை மறக்க வேண்டா. பகலெல்லாம் தையல் இயந்திரத்தில் அமர்ந்து கூலிக்குத் தைத்து, மாலையில் சமையற்கட்டில் நிற்கும் மகளும் முழுநேர உழைப்பாளியே. அவள் படிக்கும் இரண்டு மணி நேரம் வீட்டிலுள்ள மற்றவர் பாத்திரம் கழுவட்டும், குற்றமில்லை.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். இது எளிய வழியன்று. முழு நைட்டு முடித்து வந்து புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் மிதக்கும். சில தாள்களில் தோற்பீர்கள். தோற்றதை மீண்டும் எழுத வாய்ப்பிருக்கின்றது. மூன்றாண்டில் முடிப்பேன் என்று சபதம் செய்து உடலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்; ஐந்தாண்டு ஆனாலும் பட்டம் பட்டந்தான். கைத்தொலைபேசியில் கழியும் நேரத்தை நேர்மையாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். பிறர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கேட்குமுன் நாமே வீணாக்கிய நேரத்தை மீட்பது முறையல்லவா?

கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்பு பஸ் வந்துவிட்டது. அந்த இளைஞரும் நாமும் அதிலேயே ஏறினோம். "சிரிப்பார்களா, ஹஸ்ரத்?" என்ற கேள்விக்கு விடை பாக்கியிருந்தது. "சிரிப்பார்கள், தம்பி. முதலாண்டு சிரிப்பார்கள். கஃப்பாலைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள்" என்றோம். பிறகு இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த தவற்றையும் மறைக்காமல் கூறினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நாம் சொன்ன விவரங்களைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் சன்னல் கம்பியில் தலைசாய்த்து உறங்கிவிட்டார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் நாமே தட்டி எழுப்பினோம்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவருடைய அத்தாவைச் சந்திப்பதாக வாக்களித்திருக்கின்றோம். பழைய கடனில் ஒரு பகுதியையேனும் அங்கே தீர்க்க எண்ணம். இதனைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் கடையிலோ வீட்டிலோ மஹல்லாவிலோ இதே கேள்வியைக் கேட்கத் தயங்கி நிற்கும் பிள்ளை யாரென்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திராமல் நீங்களே சென்று கேளுங்கள்: "தம்பி, படிக்க உனக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?"